அம்மாவின் தாடையும் நீல விளக்கும்: ஒரு கேள்விக்குப் பதில்

கேள்வி நீளம். சுருக்கிச் சொல்கிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், எலும்புக்கும் பரவியிருக்கிறது. அதற்காக மாதம் ஒரு தடவை எலும்பு ஊசி போடுகிறார்கள். கீழ்த்தாடையில் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை ஒரு கிளினிக்கில் பிடுங்கி மூன்று மாதம் ஓடிவிட்டது. குழி மூடவே இல்லை. உள்ளே மஞ்சளாக எலும்பு தெரிகிறது, வாய் நாறுகிறது. பெரிய ஆஸ்பத்திரியில், "எலும்பு செத்துப்போச்சு, எடுக்கணும், நீல வெளிச்சம் அடிச்சுப் பார்த்து எடுப்போம்" என்று சொல்லி, அறுவைக்கு முன்னால் பத்து நாளைக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இனி அவருடைய சந்தேகங்கள்: அந்த வெளிச்சம் லேசரா, கதிர்வீச்சா? தாடையைப் பாதி எடுத்துவிடுவார்களா? கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அது உண்மையா? அம்மா திரும்பப் பல்செட் போட முடியுமா?

நான் அரசாங்கப் பல் கிளினிக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாடை அறுவை நிபுணர் இல்லை. ஆனால் இந்த மாதிரி நோயாளிகளுக்குக் கடிதம் எழுதி ஈப்போ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன், அறுவை முடிந்து வந்த பிறகு வாயைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன்.

முதலில், எலும்பு ஏன் செத்தது. பல் பிடுங்கியவர் கைதான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. நம் எலும்பு எப்போதும் தன்னைத்தானே பழுது பார்த்துக்கொண்டிருக்கிறது. பழைய எலும்பைத் தின்கிற செல்கள் ஒரு பக்கம், புது எலும்பைக் கட்டுகிற செல்கள் இன்னொரு பக்கம். புற்றுநோய் எலும்புக்குள் புகுந்தால் தின்கிற செல்களை அது தூண்டிவிடும். எலும்பு ஓட்டை விழுந்து முறியும், வலி உயிர் போகும். அதைத் தடுக்கத்தான் எலும்பு ஊசி. சோலெட்ரோனிக் ஆசிட் என்றால் வழக்கமாக 4 மில்லிகிராம், நாலு வாரத்துக்கு ஒரு தடவை, அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. டெனோசுமாப் என்று இன்னொன்றும் உண்டு. இரண்டுமே தின்கிற செல்களை அடக்கிவைக்கும். முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் நல்லது. தாடைக்குத்தான் சிக்கல். சாப்பாட்டை மெல்லுகிற பாரம் தினமும் தாடையில் இறங்குவதால் அங்கே பழுதுபார்ப்பு மற்ற எலும்புகளைவிட வேகமாக நடந்தாக வேண்டும். மேலே மூடியிருக்கும் ஈறு மெல்லிசு. பல்லைச் சுற்றி எந்நேரமும் கிருமி. பழுதுபார்க்கிற வேலை நின்றுபோன இடத்தில் பல்லும் போய்க் கிருமியும் இறங்கினால் எலும்பு சாகிறது. பல் ஆடியதற்கே அடியில் இருந்த தொற்று காரணமாக இருந்திருக்கலாம். பிடுங்குவதற்கு முன்பே அங்கே எலும்பு கெட ஆரம்பித்திருக்கவும் கூடும். அதனால் அந்த கிளினிக் டாக்டர்மேல் கோபப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்த நோயை மருத்துவ உலகம் கவனித்தது 2003இல்தான். அமெரிக்காவின் மியாமியில் ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை மருத்துவர், எலும்பு ஊசி போட்ட 36 பேருக்குத் தாடை எலும்பு வெளியே தெரிவதாக எழுதினார். ஆனால் தாடை சாவது உலகத்துக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் தீக்குச்சித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கும் இப்படியே தாடை அழுகியது. 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டுத்தான் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய ஆரம்பித்தார்கள். அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி, கீழ்த்தாடைதான் அதிகம் மாட்டிக்கொள்கிறது. இப்போதைய நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்குக் கீழ்த்தாடை.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டு எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற பெரியம்மாக்கள் பயந்து நிறுத்திவிடக் கூடாது. தேய்மானத்துக்கான சிறிய அளவில் இந்த ஆபத்து பத்தாயிரத்தில் சில பேருக்குத்தான். புற்றுநோய்க்கான பெரிய அளவில் நூற்றுக்குச் சில பேர். உங்கள் அம்மா இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறார்.

டாக்டர்கள் எட்டு வாரக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஊசி போட்டவர், தாடைக்குக் கதிர்சிகிச்சை எடுக்காதவர், எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிகிறது அல்லது ஈறில் உள்ள ஓட்டை வழியாகக் கம்பியால் தொட முடிகிறது என்றால், அது இந்த நோய்தான். அம்மாவுக்கு மூன்று மாதம். இனியும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு காத்திருந்தால் சரியாகும் என்று நான் நினைக்கவில்லை.

ஆரம்ப வருஷங்களில் டாக்டர்களே இதில் கத்தி வைக்கத் தயங்கினார்கள். மருந்துத் தண்ணீரில் கொப்பளி, ஆன்டிபயாடிக் சாப்பிடு, வலியை அடக்கு, அவ்வளவுதான். கை வைத்தால் இன்னும் பெரிதாகும் என்ற பயம். அப்புறம் அனுபவம் கூடியது. செத்த எலும்பை ஒழுங்காக எடுத்து, மேலே ஈறைத் தண்ணீர் கசியாமல் மூடினால் பெரும்பாலானவர்களுக்கு ஆறிவிடுகிறது என்று பல நாடுகளில் பார்த்தார்கள். அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நோயின் எந்தக் கட்டத்திலும் அறுவை செய்யலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. ஒரு டாக்டர் "தொடாதே" என்கிறார், இன்னொருவர் "எடுக்கணும்" என்கிறார் என்று குழம்ப வேண்டாம். அவரவர் படித்த காலம் வேறு. கொப்பளித்தே சமாளிக்கிற நோயாளிகள் இன்றும் உண்டு, உடம்பு மயக்க மருந்து தாங்காதவர்களுக்கு அதுதான் வழி.

இனி விளக்குக்கு வருகிறேன்.

அறுவையில் பெரிய தலைவலி எல்லை. எங்கே வரைக்கும் செத்திருக்கிறது? எக்ஸ்ரேயும் ஸ்கேனும் ஓரளவுக்குத்தான் காட்டும். ஈறைத் திறந்து பார்த்தால் நடுவில் மஞ்சளும் பழுப்புமாகக் காய்ந்து கிடக்கும் துண்டு யாருக்கும் தெரியும், சில நேரம் அதுவே கழன்று வரும். ஓரத்துக்குப் போகப் போகத்தான் குழப்பம். அங்கே பாதி செத்த எலும்பும் நல்ல எலும்பும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பழைய வழக்கம், ரத்தம் கசிகிற வரைக்கும் குடைந்துகொண்டே போவது. ஆனால் இந்த மருந்து போட்ட தாடையில் நல்ல எலும்புகூட இறுகிப்போய்ச் சரியாக ரத்தம் கசியாது. இன்னொரு பக்கம், செத்த எலும்பின் இடுக்கு வழியாகப் பக்கத்துத் திசுவின் ரத்தம் வழிந்து ஏமாற்றும். குறைவாக எடுத்தால் புண் திரும்ப வரும். அதிகமாக எடுத்தால் தாடை மெலிந்து முறியும், கீழ் உதட்டுக்குப் போகிற நரம்பில் கை படும்.

ஜெர்மனியின் மியூனிக்கில் கிறிஸ்டோப் பவுட்கே முதலான மருத்துவர்கள் இதற்கு ஒரு பழைய மருந்தைக் கையில் எடுத்தார்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்து ஆன்டிபயாடிக் கால்சியத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். டாக்சிசைக்ளினும் அந்தக் குடும்பம்தான். உடம்புக்குள் போனால், ரத்த ஓட்டம் இருந்து புதிதாகக் கட்டப்படும் எலும்பில் போய்ப் படியும். அப்படிப் படிந்த எலும்பு ஊதா கலந்த நீல வெளிச்சத்தில் மின்னும். இது 1957லேயே தெரிந்த விஷயம். நம் தோட்டங்களில் ஐம்பது அறுபது வயதானவர்கள் சிலருக்கு முன்பல்லில் குறுக்கே பழுப்புக் கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் காய்ச்சலுக்கு டெட்ராசைக்ளின் சாப்பிட்டால் வளர்ந்துகொண்டிருக்கும் பல்லில் அது இப்படிப் பதிந்துவிடும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்று அதைக் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணமும் இதுதான். பல்லைக் கெடுத்த அதே குணத்தைத்தான் மியூனிக்காரர்கள் அறுவைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். சில நாள் டாக்சிசைக்ளின், வழக்கமாக 100 மில்லிகிராம் காலையும் மாலையும், கொடுத்துவிட்டு அறுவை. உயிருள்ள எலும்பு பச்சையாக மின்னும். செத்தது ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்தை வாங்கியிருக்காது, மங்கலாகக் கிடக்கும்.

அவர்கள் எடுத்த விளக்குக்கு வெல்ஸ்கோப் என்று பெயர். கையில் பிடிக்கிற கருவி. வாயின் மென்தோலில் மாற்றங்களைப் பார்க்கப் பல் மருத்துவர்களுக்காக கனடாவில் செய்தது. வெளிவரும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 460 நானோமீட்டர், அதாவது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே. எக்ஸ்ரே கிடையாது. வெட்டுகிற லேசரும் கிடையாது. உடம்புக்குள் ஊடுருவாது. அடித்த நீல வெளிச்சம் திரும்பி வருவதை ஒரு வடிகட்டிக் கண்ணாடி தடுத்துவிடும், எலும்பு தானாக மின்னுகிற வெளிச்சம் மட்டும் டாக்டர் கண்ணுக்கு வரும். இதனால் அம்மாவுக்கு வலியும் இல்லை, சூடும் இல்லை.

தியேட்டரில் நடப்பது இப்படி. அம்மாவைப் பெரும்பாலும் முழு மயக்கத்தில் வைத்திருப்பார்கள். ஈறைக் கீறி, எலும்போடு ஒட்டிய மெல்லிய உறையையும் சேர்த்து ஒதுக்குவார்கள். கழன்ற துண்டு இருந்தால் முதலில் அதை எடுப்பார்கள். பிறகு கூரை விளக்குகளை அணைத்துவிட்டு நீல விளக்கைப் பிடிப்பார்கள். ரத்தம் அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும், கறுப்பாகத் தெரியும். ஆகவே உப்பு நீர் விட்டுக் கழுவி, உறிஞ்சி, துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல எலும்பு பளிச்சென்று பச்சை. செத்த இடம் மங்கல், அல்லது ஒன்றுமே இல்லை. கிருமி குடியேறிய இடம் சில சமயம் செங்கல் நிறத்தில் மின்னும், அது கிருமிகள் உண்டாக்கும் ஒரு நிறமிப் பொருள். பல்லில் அடைத்த வெள்ளை சிமெண்டும் மின்னித் தொலைக்கும், பழகிய கண் அதை ஒதுக்கிவிடும். மங்கலான இடத்தை உருண்டைத் தலை டிரில்லால் கொஞ்சம் சீவுவார்கள், கழுவுவார்கள், திரும்ப விளக்கு. இப்படியே நாலு பக்கமும் ஒரே சீராகப் பச்சை வருகிற வரைக்கும். செம்பனை பழுத்ததா என்று உதிர்ந்த காயைப் பார்த்து முடிவெடுப்பதைப் போல, இதிலும் கடைசித் தீர்ப்பு பார்க்கிறவர் கண்ணில்தான். எவ்வளவு பச்சை போதும் என்பதற்கு அளவுகோல் இல்லை.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. மாத்திரை சாப்பிடாத நோயாளிகளுக்கும் விளக்கு வேலை செய்கிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். எலும்பில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்பொருளே நீல வெளிச்சத்தில் பச்சையாக மின்னக்கூடியது. எலும்பு செத்து அது சிதைந்தால் அந்த மினுமினுப்பு போய்விடும். மாத்திரை கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்ட சிறிய ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் சில இடங்களில் மாத்திரையை விட்டுவிட்டார்கள். உங்கள் டாக்டர் கொடுத்திருக்கிறார் என்றால் தவறில்லை, தொற்றையும் அது கொஞ்சம் அடக்கும். டெட்ராசைக்ளின் ஒவ்வாமை இருந்தால் மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள், அதில்லாமலும் விளக்கு வைத்துப் பார்க்க முடியும்.

மாத்திரை சாப்பிடுவதில் நம் வீடுகளில் நடக்கிற தப்பு ஒன்று இருக்கிறது. காலையில் மாத்திரையை வாயில் போட்டு மைலோவிலோ தே தாரிக்கிலோ விழுங்குவது. கால்சியத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் என்றேனே, கெட்டிப்பாலில் இருக்கும் கால்சியத்தோடு வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும், எலும்புக்குக் குறைவாகத்தான் போய்ச் சேரும். எலும்பு ஊசி போடுகிறவர்களுக்குக் கால்சியம் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். அதையும், இரும்புச் சத்து மாத்திரையையும், வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளை மருந்தையும் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி வையுங்கள். ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். தொண்டையில் நின்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். இன்னொன்று, இந்த மாத்திரை சாப்பிடும்போது வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகும். வாசல் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பத்து நாளைக்கு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாடையைப் பாதி எடுத்துவிடுவார்களா? எக்ஸ்ரே பார்க்காமல் நான் அளவு சொல்ல மாட்டேன். பல் குழியைச் சுற்றி மட்டும் இருந்தால் அந்த ஓரத்தைத்தான் செதுக்குவார்கள், முகத்தின் வடிவம் மாறாது. தாடையின் கீழ் விளிம்பு வரைக்கும் இறங்கியிருந்தால், கன்னத்தில் வெளியே ஓட்டை விழுந்து சீழ் வந்தால், எலும்பு முறிந்திருந்தால், அது வேறு கதை. துண்டாக எடுத்து உலோகத் தகடு வைக்க வேண்டி வரலாம். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. கீழ் உதடும் தாடை நுனியும் மரத்துப்போனது போல இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்தால் அறுவைத் தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறேன். செத்த எலும்பு புற்றுநோய் இல்லை, பரவுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் புற்றுநோய் தாடைக்கும் வந்து, அதைச் செத்த எலும்பு என்று நினைத்துவிடுகிற ஆபத்து உண்மையில் உண்டு. அதனால்தான் எடுத்த துண்டைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்த அறிக்கை என்ன சொல்கிறது என்று மறக்காமல் கேளுங்கள். லயத்துப் பேச்சுக்குப் பயந்து அறுவையைத் தள்ளிப்போட்டால் சீழ் கூடும், புற்றுநோய்க்கான மருந்தையே நிறுத்திவைக்க வேண்டி வரும்.

என் கருத்தைக் கேட்டால், விளக்கு நல்ல உதவி, அதற்கு மேல் இல்லை. விளக்கு வைத்துச் செய்த இடங்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆறியிருக்கிறது, உண்மை. விளக்கில்லாமல் கைதேர்ந்தவர்கள் செய்த இடங்களிலும் நன்றாகவே ஆறியிருக்கிறது. இரண்டுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இருப்பதாக உறுதியாக நிரூபணம் ஆகவில்லை. அது காட்டுவதும் மேற்பரப்பை மட்டும்தான். எலும்பின் கூரான விளிம்புகளை மழமழவென்று உருட்டினார்களா, ஈறை இழுத்துப் பிடிக்காமல் இரண்டு அடுக்காகத் தைத்தார்களா, இவைதான் ஆறுவதை முடிவு செய்கின்றன என்று நினைக்கிறேன். தேதிக்குள் கருவி பழுதாகி "விளக்கு இல்லை, சாதாரணமாகச் செய்கிறோம்" என்றால், விளக்குத் தேடி கோலாலம்பூருக்கு ஓட வேண்டாம். உங்களைப் பார்த்த நிபுணரிடமே செய்துகொள்ளுங்கள். குறைந்த கட்டணத்தில் முடிகிற அரசாங்க நிபுணர் கிளினிக்கை விட்டுவிட்டு, விளம்பரம் பார்த்துத் தனியாரிடம் தோட்டத்துச் சேமிப்பைக் கொட்டுவதற்கு இதில் காரணமே இல்லை.

எலும்பு ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். சோலெட்ரோனிக் ஆசிட் எலும்புக்குள் வருஷக்கணக்கில் தங்கும், ஒரு மாதம் நிறுத்தினால் தாடைக்குப் பெரிதாக எதுவும் நடக்காது. டெனோசுமாப் வேறு மாதிரி. அதன் வேலை சில மாதத்தில் தேய்ந்துவிடும், திடீரென்று நிறுத்தினால் முதுகெலும்பு முறிகிற ஆபத்து இருக்கிறது. தள்ளிப்போடலாமா என்பதைப் புற்றுநோய் டாக்டரும் தாடை டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். இரண்டு ஆஸ்பத்திரி என்றால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்திருக்க மாட்டார். எந்த ஊசி, எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது போட்டது என்று ஒரு தாளில் எழுதி அம்மாவின் அப்பாயின்மென்ட் புத்தகத்துக்குள் வையுங்கள். சர்க்கரை இருந்தால் அதையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், நம் ஆட்களில் அது இல்லாதவரைத் தேடத்தான் வேண்டும். வெற்றிலை பாக்கு, புகையிலை இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கெஞ்ச வேண்டி வரும், கெஞ்சுங்கள்.

அறுவைக்குப் பிறகு இரண்டு வாரம் போல ஆறிய கஞ்சி, குழைத்த ரசம் சோறு, மசித்த பருப்பு. முறுக்கு, வறுத்த கச்சான் பக்கம் போகக் கூடாது. தையலை நாக்கால் துழாவக் கூடாது. கிருமியை அடக்கக் கொடுத்த குளோர்ஹெக்சிடின் நீரில் மெதுவாகக் கொப்பளிக்கலாம். தையல் விட்டு எலும்பு திரும்பத் தெரிந்தால், சீழ் வந்தால், அடுத்த தேதி வரைக்கும் பார்க்காமல் போய்விடுங்கள். ஊசி தொடர்கிற வரைக்கும் மற்ற பற்களை மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை பக்கத்து அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்ட வேண்டும். எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் உட்கார்ந்தவுடன் முதல் வார்த்தையாக எலும்பு ஊசியைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். "பல் ஊசியா?" என்று கேட்டுவிட்டுக் கடந்துவிடுவார்கள், மருந்தின் பெயரோடு சொல்வது நல்லது.

பல்செட் போடலாம். ஈறு முழுக்க மூடி, அழுத்தினால் வலிக்காத நிலை வந்த பிறகு. அதற்குச் சில மாதம் ஆகும், தேதியை அறுவை செய்தவர்தான் சொல்ல வேண்டும். பழைய செட்டைச் சும்மா போட்டுப் பார்க்கிறேன் என்று எடுத்து மாட்டக் கூடாது. எலும்பு எடுத்த இடத்தில் அது பொருந்தாது, உரசும், உரசிய இடத்தில் திரும்பவும் எலும்பு தெரிய ஆரம்பிக்கும். புதிதாக அளவெடுத்து, அந்த இடத்தில் அழுத்தாதபடி உள்பக்கம் மெத்தென்று செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும்.